முந்திரிகைத் தோட்டக் கத்தரிக்கு இடுப்பில் மாட்டும் தோல் உறை: முதல்முறை செய்பவருக்கு

தம்பி, உரும்பிராயில் அப்பாவின் முந்திரிகை (திராட்சை) தோட்டத்தில் கொடி வெட்டும் கத்தரிக்கு இடுப்பில் மாட்டும் தோல் உறை ஒன்று செய்ய விருப்பம், இதற்கு முதல் தோலில் கைவைத்ததே இல்லை, இணையத்தில் விற்கிற தோல்வேலை ஆயுதப் (கருவிப்) பெட்டியை வாங்கலாமா, எந்தத் தோல் நல்லது, சப்பாத்துக் கடையில் கொடுத்து மெஷினில் தைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சுருக்கமான பதில். பெட்டி வேண்டாம், அந்தக் காசைத் தோலில் போடுங்கள். மெஷின் வேண்டாம், கையால் தையுங்கள். தோலை வெட்டமுதல் அட்டையில் ஒன்று செய்து பாருங்கள். மற்றதெல்லாம் பழகப் பழக வரும். இந்த மூன்றும் பிழையாகப் போனால், மேலே எவ்வளவு மினுக்கினாலும் உறை ஒரு மாரிக்குத் தாங்காது.

முதல் வேலைக்கு நல்ல சாமானைத்தான் தெரிவு செய்திருக்கிறீர்கள். படங்களில் பார்க்கிற கைத்துப்பாக்கி உறை, காட்டுக்கத்தி உறை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: தட்டையான பின்தோல், சாமானின் உருவத்துக்குப் புடைத்து நிற்கும் முன்தோல், இரண்டுக்கும் நடுவில் ஓரத்தோடு ஓடும் ஒரு இடைப்பட்டி, பெல்ட் நுழைய ஒரு வளையம். கத்தரி உறையில் இந்த நாலும் இருக்கின்றன. இதை ஒழுங்காகச் செய்தவருக்கு மற்ற எந்த உறையும் அளவு மாற்றம்தான்.

அதோடு, உண்மையாகவே தேவையான சாமான் இது. நம் ஊரில் பெரும்பாலும் இஸ்ரேல் புளூ இனம்தான். ஒவ்வொரு காய்ப்புக்கும் முதல் கொடியைக் குறைத்து வெட்டினால்தான் புதுத் தளிரில் குலை வரும். பந்தலுக்குக் கீழே நிற்பவருக்கு இரண்டு கையும் தலைக்கு மேலே. ஒரு கொடியை வெட்டிவிட்டு அடுத்ததைக் கம்பியோடு கட்ட வேண்டுமென்றால் கத்தரியை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் செம்பாட்டு மண் அப்பிக்கொள்ளும். சாரத்து மடியில் செருகினால் பூட்டுக் கழன்று ஸ்பிரிங் விரிந்து, அலகு தொடைப்பக்கம் திரும்பும். இந்த ஸ்பிரிங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி உறைக்குள் சும்மா இருக்கிற சாமான் இல்லை, எந்நேரமும் விரியப் பார்க்கிற சாமான். உறையின் வாய்ப்பக்கத் தையல்தான் அந்த விசையை வாங்கும்.

சரி, தோலுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

தோல் பதனிடுவதில் இரண்டு பெரும் பிரிவு. மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ச்சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டது ஒன்று; குரோமிய உப்பில் பதனிட்டது மற்றது. சப்பாத்தின் மேற்தோல், கைப்பை, கதிரைக்கும் சோபாவுக்கும் போடுகிற தோல் எல்லாம் பெரும்பாலும் குரோம் தோல். மெதுமையாக இருக்கும், நிறம் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் உருவம் பிடிக்காது. நனைத்து அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி தொய்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். நனைந்தால் குயவன் கைக் களிமண் மாதிரி வளைந்து கொடுக்கும், காய்ந்தால் வளைத்த உருவத்திலேயே விறைத்து நிற்கும். தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் இந்த வேலை தலைமுறைகளாக நடக்கிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பிற்காலத்தில் வாட்டில் மரப்பட்டைச் சாறு. இங்கே பற்றைக் காணிகளில் மஞ்சளாகப் பூக்கிற ஆவரசும் அதே ஆவாரைதான்.

கடையில் 'ஒரிஜினல் லெதர்' என்று சொல்வார்கள். அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, குரோம் தோலும் ஒரிஜினல்தான். வாங்கமுதல் வெட்டுவாயைப் பாருங்கள். சாயம் போட்ட தோலாக இருந்தாலும் வெட்டுவாயின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். பட்டைத் தோலின் நடு வெளிர் பழுப்பாக இருக்கும். மேற்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சாயமும் மெழுகும் ஏறாத பட்டைத்தோல் உடனே குடித்துக் கருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் விரல் நகமளவு துண்டொன்றைக் கேட்டு வாங்கி வந்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். பட்டைத் தோல் சுருண்டு, சின்னதாகி, கட்டையாகிவிடும். குரோம் தோல் அநேகமாக அப்படியே இருக்கும். நெருப்பில் கொளுத்திச் சாம்பலின் நிறத்தைப் பார்க்கிற முறையும் உண்டு; குரோம் தோலின் புகையும் சாம்பலும் நல்லதல்ல, வீட்டுக்குள் அது வேண்டாம். இந்தக் கொதிநீர்ச் சோதனை இன்னொன்றையும் காட்டும்: பட்டைத் தோலுக்குச் சூடு ஆகாது. கீழே நனைத்து உருவம் பிடிக்கிற இடத்தில் இது திரும்ப வரும்.

தடிப்பு 3 மில்லிமீற்றர் கேளுங்கள். தோல்காரர் அவுன்ஸ் கணக்கில் சொன்னால், ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீற்றர், ஏழு எட்டு அவுன்ஸ் உங்களுக்குச் சரி. மாட்டின் முதுகுப் பக்கம் அல்லது தோள் பக்கம் எடுங்கள். வயிற்றுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நார் தளர்ந்தது, ஒரு பக்கமாக இழுபடும். வளைத்துப் பார்க்கும்போது மேற்பக்கம் சுருங்கி நொய்ந்து மடிந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் மாட்டுத்தோல் வேண்டாம் என்று அம்மா சொன்னால் எருமைத் தோலிலும் செய்யலாம். மேற்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, பலம் உண்டு. ஆட்டுத்தோல் மெல்லியது, இந்த வேலைக்குக் காணாது.

யாழ்ப்பாணத்தில் பட்டைத் தோலை முழுசாக வாங்குவது லேசில்லை. கொழும்பில் தோல் விற்கும் கடைகளில் சொல்லி எடுப்பித்தால் நல்லது. அதுவரைக்கும் தவில், மிருதங்கம் கட்டுகிற இடத்தில் தோல் இருக்கிறதே என்று போகாதீர்கள். அது பதனிடாத பச்சைத்தோல். காய்ந்திருக்கும்வரை பலகை மாதிரி இருக்கும், மழையில் நனைந்தால் வழுவழுத்து நாறும். வாத்தியத்துக்கு அதுதான் வேண்டும், உறைக்கு ஆகாது.

ஆனால் சப்பாத்துத் தைக்கிற அண்ணைமாரிடம் கட்டாயம் போங்கள். சப்பாத்தின் அடிக்குப் போடுகிற கட்டித் தோலின் வெட்டுத் துண்டுகள் அவர்களிடம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் பட்டைத் தோல்தான், இடைப்பட்டிக்கு அதைவிட நல்லது கிடையாது. கொக்கியில்லாத நேர் குத்தூசி, மெழுகேற்றிய நூல் இரண்டையும் அங்கேயே கேட்டு வாங்கலாம். காசு கொடுத்து வாங்குங்கள், அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து அவர் கை போகிற விதத்தையும் பாருங்கள். நம் ஊரில் இந்தத் தொழிலைக் கீழாகப் பார்த்துப் பார்த்தே எத்தனையோ பேருடைய கைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிவைக்காமல் விட்டுவிட்டோம். படித்த பிள்ளை ஒன்று மரியாதையோடு வந்து கேட்டால் சொல்லித்தராதவர் குறைவு.

மற்ற ஆயுதங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. புது அலகு போட்ட கட்டர், இரும்பு அடிமட்டம், பள்ளிக்கூடக் கவராயம், சாப்பாட்டு முள்ளுக்கரண்டி ஒன்று, நுனி மழுங்கிய தடித்த ஊசி இரண்டு, மண்தாள், தேன்மெழுகு, சப்பாத்து ஒட்டும் பசை, பழைய ஜீன்ஸ் துணி. தைக்கும்போது தோலைப் பிடித்து நிறுத்த இரண்டு பனஞ்சிலாகைத் துண்டைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் காணும். பெட்டியில் வருகிற நாற்பது சாமானில் முதல் உறைக்குத் தேவைப்படுவது ஐந்தோ ஆறோ, அவற்றின் இரும்பும் பெரும்பாலும் கூர் நிற்காது.

இனி அட்டை மாதிரி. பழைய கலண்டர் அட்டையில் கத்தரியைப் பூட்டியபடி வைத்துச் சுற்றிக் கீறுங்கள். அலகும் நடு ஆணியும் கைபிடியின் பாதியும் உறைக்குள் போக வேண்டும், மீதிக் கைபிடி 7, 8 சென்ரிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஈரக்கையால் இழுத்தெடுக்க முடியாது. கூடினால் குனியும்போது கத்தரி தானாக வெளியே வரும். வாய் எங்கே வருகிறது என்று அட்டையில் கோடு போடுங்கள். அலகு நுனிக்குக் கீழே 2 சென்ரிமீற்றர் விடுங்கள். கீறிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் 13 மில்லிமீற்றர் கூட்டுங்கள்: 10 இடைப்பட்டிக்கு, 3 கத்தரி அசைய. மேலே, வாய்க்கோட்டில் இருந்து பெல்ட் வளையத்துக்கு நாலரை சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு நாக்கு விடுங்கள். அப்பா கட்டுகிற பெல்ட் 4 சென்ரிமீற்றர் அகலம் என்றால் நாக்கின் நீளம் 13, 14 சென்ரிமீற்றர் வரும்: மேலே போக ஐந்தரை, மடிந்து கீழே வர ஐந்தரை, வாய்க்கோட்டுக்குக் கீழே தைக்க இரண்டரை. பெல்ட்டை நேரில் அளந்து போடுங்கள். தோட்டத்துக்குக் கட்டுகிற அகலப் பெல்ட் என்றால் இந்தக் கணக்கு மாறும்.

இது பின்தோல். முன்தோலை இதே அளவில் வெட்டினால் கத்தரி உள்ளே போகாது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தோல் பழுதாக்குவது இந்த இடத்தில்தான். பின்பக்கம் தட்டை, முன்பக்கம் கத்தரியின் தடிப்பை ஏறி இறங்கிக் கடக்க வேண்டும். கணக்குப் போட வேண்டாம். கத்தரியை மேசையில் வைத்து ஒரு தடித்த கடதாசியை மேலே போட்டு, இரண்டு பக்கமும் விரலால் மேசையோடு சேர்த்து அழுத்துங்கள். கடதாசி மேசையைத் தொடுகிற கோட்டைப் பென்சிலால் எடுங்கள். விரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் அகலம் கூடி, அலகுப் பக்கம் குறைந்து இருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே அதே 13 மில்லிமீற்றர். பிறகு இன்னுமொரு 3, 4 மில்லிமீற்றர் கூட்டியே வெட்டுங்கள். ஒட்டியபிறகு ஓரத்தை அரிந்து சமப்படுத்தலாம், குறைந்ததை நீட்ட முடியாது. முன்தோலின் வாயை உள்ளே வளைத்து வெட்டினால் பெருவிரல் கைபிடியைப் பிடிக்க இடம் கிடைக்கும்.

இரண்டு அட்டையையும் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கத்தரியை விட்டுப் பாருங்கள். அப்பாவின் இடுப்பில் கட்டி, அவரைக் குனிந்து நிமிரச் சொல்லுங்கள், பந்தலுக்குக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னுக்கு வரும்போது எடுக்க வசதி. இந்த ஒத்திகைக்கு ஒரு பின்னேரம் போனாலும் பரவாயில்லை.

வெட்டும்போது அடிமட்டத்தை இறுக்கிப் பிடித்து முதல் இழுவையை மெல்லப் போடுங்கள். அதே தடத்தில் மூன்று நாலு தரம் இழுத்தால் தோல் சுத்தமாகப் பிரியும். வளைவு வருகிற இடத்தில் கத்தியை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு தோலைத் திருப்புங்கள். பிடிக்கிற கை எப்போதும் கத்தி போகிற பாதைக்கு வெளியே.

வெட்டியதும் முதலில் செய்ய வேண்டியது பெல்ட் வளையம். முன்தோலைத் தைத்து மூடிவிட்டால் உள்ளே கை போகாது, வளையத்தைத் தைக்கவே முடியாமல் போகும். நாக்கு மடிகிற இடத்தைக் கொஞ்சம் நனைத்து, ஒரு பேனையை உள்ளே வைத்து வளைத்துக் காயவிடுங்கள். சும்மா மடித்தால் மடிப்பு வெடிக்கும். நாக்கு பின்பக்கமாக மடிந்து வரும்போது மேற்பக்கமும் மேற்பக்கமும் ஒன்றோடொன்று முட்டும். அந்த மினுக்கில் பசை பிடிக்காது. ஒட்டுகிற இடத்தை இரண்டு பக்கமும் மண்தாளால் உரசி நார் எழுப்பிவிட்டு ஒட்டி, சதுரமாகச் சுற்றித் தையுங்கள். இந்தத் தையல் உறையின் உட்பக்கம் தெரியும், கத்தரி உரசும். அதனால் உட்பக்கத்தில் கத்தி நுனியால் மெல்லிய ஒரு தவாளிப்புக் கீறி, நூல் அதற்குள் பதிகிற மாதிரித் தைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

பிறகு முன்தோலை ஒருதரம் நனைத்துப் புடைப்பு எடுக்க வேண்டும். 3 மில்லிமீற்றர்த் தோலைக் காய்ந்தபடி வளைத்து ஒட்ட முயன்றால் பசை திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருக்கும். கத்தரியைச் சொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பலகையில் வையுங்கள். நனைந்த முன்தோலை மேலே போட்டு, இரண்டு பக்கமும் சிலாகைத் துண்டை வைத்துப் பாரம் ஏற்றி, நடுவைப் பெருவிரலால் தடவித் தடவி இறக்குங்கள். இது கரட்டு வேலை, நுணுக்கம் பின்னால் வரும்.

இடைப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் தையலுக்குப் போக முடியாது. ஓரத்தில், முன்தோலுக்கும் பின்தோலுக்கும் நடுவில், 10 மில்லிமீற்றர் அகலத்தில் வைக்கிற தோல் துண்டு இது. வெளியே இருந்து பார்த்தால் இருப்பதே தெரியாது. ஆனால் உறையின் ஆயுள் இதில்தான். இது இல்லாவிட்டால் அலகு நேரே நூலில் படும். கத்தரி பூட்டியிருக்கும்போது வெட்டுவாய் மற்ற அலகின் பின்னால் மறைந்துதான் இருக்கும். பூட்டுக் கழன்ற அன்றைக்கு ஸ்பிரிங்கின் விசையோடு அது ஓரத்தைத் தேடி வரும். இடைப்பட்டி இருந்தால் கட்டித்தோலில் முட்டி நிற்கும், தையல் பத்திரமாக இருக்கும். அதோடு உறைக்கு உள்ளே அகலமும் கிடைக்கும். அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சென்ரிமீற்றருக்கு இடைப்பட்டியும் தையலும் போடாமல் திறந்து விடுங்கள். மண், கொடித்தூள், மழைத்தண்ணீர் அந்த வழியால் விழுந்துவிடும். அடி மூடிய உறையில் இவை தங்கி, அலகு நுனியில்தான் முதல் துரு ஏறும்.

பசையை ஒட்டும் இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாமல் பிடித்துப் பார்க்கிற பதம் வரும்வரை விட்டு, பிறகு சேருங்கள். சேர்ந்தபிறகு அசைக்க முடியாது. வாயில் இருந்து தொடங்கிக் கீழே போங்கள்.

தையல் கோட்டுக்குக் கவராயத்தை 5 மில்லிமீற்றர் விரித்து, ஒரு காலை ஓரத்தில் வைத்து மற்றக் காலால் கீறிக்கொண்டே போங்கள். அந்தக் கோட்டில் முள்ளுக்கரண்டியை அழுத்தி, கடைசி முள் விட்ட அடையாளத்தில் முதல் முள்ளை வைத்து அடுத்த அழுத்து. இடைவெளி ஒரே சீராக வந்துவிடும். மூன்று படை சேர்ந்து 9 மில்லிமீற்றருக்கு மேல் வரும். குத்தூசியால் நேராகக் குத்துவது பழகாத கைக்குக் கஷ்டம், பின்பக்கத்தில் ஓட்டைகள் அங்குமிங்கும் போகும். முதல் உறைக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அலகு போட்டுக் கைத்துளைப்பானால் நேராகத் துளைப்பதில் ஒரு குறையும் இல்லை. பின்தோல் பலகையில் தட்டையாகப் படிய வைத்து முன்பக்கத்தில் இருந்து துளையுங்கள்.

மெஷின் ஏன் வேண்டாம் என்றால், மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொளுவி நிற்கும். ஒரு நூல் அறுந்தால் மற்றதற்குப் பிடிமானம் போய், இழுக்க இழுக்கக் கழன்று வரும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றப் பக்கத்து நூல் அத்தனை ஓட்டையையும் பிடித்துக்கொண்டு நிற்கும். விரியப் பார்க்கிற கத்தரிக்கு இதைவிட வேறு தையல் ஏற்றதில்லை.

நூல் தையல் நீளத்தின் எட்டு மடங்கு எடுங்கள். ஒரு பக்கம் 14 சென்ரிமீற்றர் என்றால் 115 வேண்டும். மெழுகேறாத நூல் என்றால் தேன்மெழுகில் இரண்டு மூன்று தரம் இழுங்கள். வாய்ப்பக்கம் மேலே இருந்து மூன்றாவது ஓட்டையில் தொடங்கி, முதலில் வாய்வரை மேலே போய், அங்கிருந்து திரும்பிக் கீழே வாருங்கள். அப்படிச் செய்தால் விசை வாங்குகிற இடத்தில் இரட்டைத் தையல் கிடைக்கும். ஒவ்வொரு ஓட்டையிலும் முதலில் இடக்கை ஊசி, பிறகு அதன் பின்னால் வலக்கை ஊசி. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். மாற்றினால் தையல் ஒரு இடத்தில் சாய்ந்தும் ஒரு இடத்தில் நேராகவும் நிற்கும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல், முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு விடுங்கள். பிறகு இரண்டு கையையும் ஒரே விசையில் விரித்து இழுங்கள். நூல் தோலில் மெல்லப் பதிகிற சத்தம் கேட்கும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். முடிக்கும்போது மூன்று ஓட்டை திரும்பித் தைத்து ஒட்ட வெட்டி, நைலோன் நூல் என்றால் நெருப்புப்பெட்டிக் குச்சியால் நுனியை உருக்கி அழுத்திவிடுங்கள். வாய் மூலை இரண்டிலும் ஒவ்வொரு செப்பு ரிவெட் அடித்தால் இன்னும் உறுதி.

இனிக் கடைசி உருவம் பிடித்தல். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. பிளாஸ்ரிக் வாளியில் ஆறிய தண்ணீர் எடுங்கள். இரும்பு வாளி கூடாது, துரு ஏறிய குழாய்த் தண்ணீரும் கூடாது; பட்டைத் தோலில் இருக்கிற துவர்ச்சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருநீலப் புள்ளி விழும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் நல்லது. உறையை அமிழ்த்தினால் தோலில் இருந்து சின்னச் சின்னக் குமிழி எழும்பும். குமிழி அடங்கியதும் எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, நிழலில் வையுங்கள். கருத்த நிறம் மெல்ல மெல்ல வெளிறத் தொடங்கும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். அதுதான் பதம். சொப்பிங் பை சுற்றிய கத்தரியை உள்ளே விட்டு, பெருவிரலாலும் கரண்டியின் பின்பக்கத்தாலும் கைபிடியின் ஓரம், நடு ஆணியின் தலை, ஸ்பிரிங் புடைப்பு எல்லாவற்றையும் தேடித்தேடி அழுத்துங்கள். நகம் படவே கூடாது, இந்தப் பதத்தில் விழுகிற கீறல் என்றைக்கும் போகாது. ஐந்தாறு மணித்தியாலத்தில் உருவம் நிற்கும். கத்தரியை எடுத்துத் துடைத்துவிட்டு, உறையை மின்விசிறிக் காற்றில் மறுநாள்வரை விடுங்கள். வெயிலிலோ தகரத்தின் மேலோ அடுப்படியிலோ வைத்துக் கெதியாகக் காயவைக்க நினைக்காதீர்கள். கொதிநீரில் அந்தத் துண்டு சுருண்ட விதம் ஞாபகம் இருக்கட்டும். ஈரத்தோல் சூட்டில் அப்படித்தான் சுருங்கும், உறை கத்தரிக்குச் சின்னதாகிவிடும்.

இரும்புப் புள்ளி விழுந்துவிட்டால் தேசிக்காய்ப் புளியைத் தடவிக் கொஞ்சநேரத்தில் நல்ல தண்ணீரால் துடையுங்கள், வெளிறும்.

ஓரத்துக்கு: அரிந்து சமப்படுத்தி, மண்தாளில் கரடு தொடங்கி நைசுவரை உரசி, கூர்விளிம்பை மழுக்கி, தண்ணீர் தொட்டு ஜீன்ஸ் துணியால் சூடு பறக்கத் தேயுங்கள். மூன்று படையும் ஒன்றாகி மினுங்கும். பிறகு மெழுகு பூசித் திரும்பத் தேய்த்தால் முடிந்தது.

நிறம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் உறைக்குச் சாயம் வேண்டாம். நன்றாகக் காய்ந்தபிறகு காலை வெயிலில் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பி வைத்தாலே பட்டைத்தோல் தேன்நிறத்துக்கு வரும். கைபட்டுக் கைபட்டு இன்னும் வடிவாகும். கறுப்புத்தான் வேண்டுமென்றால், வினாகிரியில் இரும்புக் கம்பளியைப் போட்டு, மூடியை இறுக்காமல், நுரை அடங்கும்வரை சில நாள் விடுங்கள். அந்தத் தண்ணீரைத் தோலில் பூசினால் கண்முன்னாலேயே கறுக்கும். முதலில் சாயம் கூடின பிளேன்ரீயை ஆறவைத்துப் பூசிவிட்டுச் செய்தால் இன்னும் ஆழமான கறுப்பு. பிறகு அப்பச்சோடாக் கரைசலால் துடைத்துப் புளிப்பை எடுக்க வேண்டும். விட்டால் தோலையும் அரிக்கும், அலகையும் அரிக்கும்.

கடைசிப் பூச்சுக்குத் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். கையருகில் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். எண்ணெய் நாருக்குள் இறங்கி, கஷ்டப்பட்டு எடுத்த உருவத்தைத் தொய்யவிடும். நாளாகச் சிக்கு வாடை வரும், வாடைக்கு எலியும் கரப்பானும் வரும். தேன்மெழுகு ஒரு பங்கு, தோலுக்கென்று விற்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் இரண்டு பங்கு, சுடுதண்ணீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி ஆறவைத்த களிம்பு காணும். வெளிப்பக்கம் மெல்லியதாகப் பூசித் துணியால் தேயுங்கள். உட்பக்கத்தில் பூசினால் மண் ஒட்டும்.

அப்பாவிடம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை சில. வேலை முடிந்ததும் கத்தரியை உறையில் இருந்து எடுத்து, கொடிச்சாறு துடைத்து, தனியே வைக்க வேண்டும். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் துவர்ச்சத்தும் இருக்கிறது. இரவிரவாக உறைக்குள் கிடக்கிற அலகு துருப்பிடிக்கும். நோய் பரவாமல் இருக்க ஸ்பிரிட்டால் அலகைத் துடைத்தால், அது காய்ந்தபிறகே உறையில் போட வேண்டும், ஸ்பிரிட் தோலை வறட்டும். போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து) அடிக்கிற அன்றைக்கு உறையைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். துத்தம் தோலில் ஊறினால் அந்த உறையில் போடுகிற எந்த இரும்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள், பெட்டியில் பூட்டாதீர்கள். பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்தால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மெழுகுக் களிம்பை ஒருதரம் பூசினால் போய்விடும்.

அட்டை மாதிரியை வெட்டி முடித்ததும், கத்தரியை அதன்மேல் வைத்து ஒரு அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தோலை வெட்டமுதல் முன்தோலின் அகலம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.